குடிலின் முடியில் ஒரு சேவல்

செபிக்க விரும்புகிறவன் தன் உள்ளறைக்குள் நுழைந்து, கதவை அடைத்துக்கொண்டு, மறைவில் உள்ள தந்தையை நோக்கி மன்றாட வேண்டும் என்று ஆண்டவர் இயேசு மலைப்பொழிவில் கற்பித்தார். புனித மத்தேயு எழுதிய நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இப்போதனை அமைந்திருக்கிறது. திருநீற்றுப் புதனன்று ஆண்டுதோறும் திருப்பலியில் இது வாசிக்கப்படுகிறது. குருக்களாகிய நாமும் ஆண்டுதோறும் இதனை விளக்கி மறையுரை ஆற்றுகிறோம். வெளிவேடம் கூடாது, உள்ளம் உண்மையாய் இருக்க வேண்டும் என்றெல்லாம் எடுத்துரைக்கிறோம். ஆனால், உள்ளறையே இல்லாத வீட்டில் வாழ்கிறவன் எங்கே சென்று கதவை அடைத்துக்கொள்வான் என்னும் வினா அம்மறையுரைகளில் பெரும்பாலும் எழுவதில்லை.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் எந்தக் குருவானவரும் இவ்வினாவை நேருக்கு நேர் காணாமல் திரும்ப முடியாது. ஓர் அறை, பின்னால் ஒரு சாய்ப்பு, முன்னால் ஒரு திண்ணை. இவ்வளவே பல குடும்பங்களுக்கு வீடு. உண்பதும் உறங்குவதும் அங்கேதான். பிள்ளைகள் படிப்பதும், நோயுற்ற முதியவர் கிடப்பதும், விருந்தினர் அமர்வதும் அங்கேதான். இருள் பிரியுமுன் ரப்பர்த் தோட்டத்திற்குப் பால் வெட்டச் செல்லும் தந்தையும், முந்திரி ஆலைக்கு விரையும் தாயும், தேர்வுக்குப் படிக்கும் மகளும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டே வாழ்கின்றனர். மாலையில் ஒன்றுகூடிச் செபமாலை சொல்வதற்கு அந்த வீடு போதும், குறை ஒன்றுமில்லை. ஆனால், மனம் உடைந்த ஒருத்தி தனித்திருந்து இறைவனிடம் முறையிட விரும்பினால் அவளுக்கு இடமில்லை. அடுப்புப் புகையைச் சாக்கிட்டுக் கண்ணீர் வடிக்கும் தாய்மாரை நாம் அறிவோம்.

குருமனையிலோ அறைகளுக்குக் குறைவில்லை. தனிமை நமக்குச் சில வேளைகளில் சுமையாகவே இருக்கிறது. நமக்கு மிகுந்திருப்பது நம் மக்களுக்கு இல்லாதிருப்பதை எண்ணிப் பார்த்தபோதுதான், குருமனைத் தோட்டத்தின் கோடியில், பலா மரத்தின் அருகே, ஒரு மரக்குடில் அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் பிறந்தது. பழைய குருமனையை இடித்துக் காங்கிரீட் கட்டடம் எழுப்பியபோது கழற்றிய மரங்களும் ஓடுகளும் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தன. அயினித் தூண்கள், பனங்கைமரங்கள், பலாப் பலகைகள், மங்களூர் ஓடுகள் என அக்காலத்தின் நல்ல பொருள்கள் அவை. தவிர, நமது குருத்துவ வெள்ளிவிழாவின்போது மக்கள் அளித்த காணிக்கையில் ஒரு பகுதி செலவிடப்படாமல் இருந்தது. ஆகவே, பொருளுக்குப் பஞ்சமில்லை என்று கருதிப் பங்குப் பேரவையில் எண்ணத்தை வெளியிட்டோம்.

எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் எழுந்து நின்றார். "சாமி, மழை பெய்தால் பானையும் சட்டியும் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் வீடுகள் நம் பங்கில் எத்தனையோ இருக்கின்றன. நல்ல மரமும் ஓடும் கையில் இருக்கும்போது, ஆள் குடியிராத குடிலுக்கு அவற்றை ஏற்றுவது தருமமா?" என்று கேட்டார்.

அவையில் சற்று நேரம் பேச்சில்லை. பெத்தானியாவில் நறுமணத் தைலத்தைக் குறித்து யூதாஸ் கேட்டதும் இதே கேள்விதானே என்று ஒருவர் மெல்லச் சொன்னார். அந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. யூதாஸ் பணப்பையைச் சுமந்தவன்; ஏழைகள்மீது கொண்ட அக்கறையால் அவன் அப்படிப் பேசவில்லை என்று புனித அருளப்பரே எழுதிவைத்திருக்கிறார். இம்மூதாட்டியோ ஒழுகும் கூரையின்கீழ் உறங்குபவர். அவருடைய கேள்விக்கு வேத வசனத்தால் வாயடைப்பது முறையன்று. மரத்தாலும் ஓட்டாலும் விடை சொல்வதே முறை.

அவ்வாறே செய்யப்பட்டது. அன்பியங்களின் பொறுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்று பட்டியல் எடுத்தனர். மிகவும் நலிந்த ஐந்து வீடுகளுக்கு, தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, கொட்டகையில் இருந்தவற்றுள் முதல்தரமான கைமரங்களும் உடையாத ஓடுகளும் சென்று சேர்ந்தன. இளைஞர்கள் ஞாயிறுதோறும் கூரை ஏறி வேலை செய்தனர். அதன்பின் எஞ்சியவை சில தூண்கள், ஓரம் உளுத்த கைமரங்கள், பழைய கதவுகளின் பலகைகள், மூலை சிதைந்த ஓடுகள் ஆகியவையே. உளுத்த பகுதியை அறுத்து நீக்கியபின் எவ்வளவு நீளம் தேறுமோ அவ்வளவே குடில். எனவே அது பத்தடிச் சதுரமாயிற்று.

தோட்டத்தில் தனிக்குடில் அமைத்து இறைவனைத் தேடுவது புதிய வழக்கமன்று. அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் வரும் சூனேம் ஊர்ப் பெண்மணி, தன் கணவனிடம் பேசி, இறைவாக்கினர் எலிசேயுவுக்காக வீட்டின் மேல்தளத்தில் ஒரு சிற்றறை கட்டுவித்தாள். அதில் அவள் வைத்த பொருள்கள் நான்கு: கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு. விருந்தோம்பலில் உணவு மட்டுமல்லாது தனிமையும் அடங்கும் என்பதை அந்தக் குடும்பத் தலைவி உணர்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் பதுவைப் புனித அந்தோனியாரிடம் நவநாள் செய்யும் நம் மக்கள், அவருடைய மரக்குடிலைப் பற்றி அறிந்திருத்தல் நன்று. 1231-ஆம் ஆண்டின் தவக்காலம் முழுவதும் பதுவை நகரில் அவர் நாள்தோறும் மறையுரை ஆற்றினார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். உடல் மிகவும் தளர்ந்தது. பின்பு வடக்கே கம்போசம்பியேரோ என்னும் ஊரில், தீசோ பிரபுவின் நிலத்தில் இருந்த சிறு மடத்திற்குச் சென்றார். அங்கே ஓங்கி வளர்ந்த ஓர் அக்ரூட் மரத்தின் அடியிலிருந்து ஆறு கிளைகள் முடிபோல எழுந்து நின்றதைக் கண்டு, அவற்றின் நடுவே தமக்கு ஒரு சிறு அறை அமைத்துத் தர இயலுமா என்று கேட்டார். பிரபு, ஏவலாள்களிடம் விடாமல், தம் கையாலேயே பாய்களைக் கொண்டு அதனை அமைத்துக் கொடுத்தார். அந்த மரக்குடிலில் புனிதர் வாழ்ந்த நாள்கள் சிலவே. சூன் 13-ஆம் நாள் உணவு வேளையில் மயங்கிச் சாய்ந்தார். பதுவைக்கு எடுத்துச் செல்லும் வழியில் ஆர்செல்லா என்னுமிடத்தில் உயிர்நீத்தார். ஓராண்டு நிறைவதற்குள், 1232-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், பாப்பிறை ஒன்பதாம் கிரகோரியார் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். இவ்வளவு பெரிய போதகருக்கும் இறுதியில் ஒரு மரத்தின் மடி தேவைப்பட்டது.

அவிலா நகர்ப் புனித தெரேசாள் தம் சிறுவயதில், சகோதரனோடு சேர்ந்து, வீட்டுத் தோட்டத்தில் கற்களை அடுக்கித் தவக்குடில் கட்டி விளையாடினார். அடுக்கிய கற்கள் உடனே சரிந்து விழுமாம். தம் வரலாற்றில் அவரே இதனை எழுதியிருக்கிறார். 1562-இல் அவிலாவில் புனித சூசையப்பர் மடத்தை நிறுவியபின், அதன் தோட்டத்தில் கன்னியர் தனித்துச் செபிப்பதற்குச் சிறு குடில்கள் அமைத்தார். பிள்ளைப் பருவத்தில் சரிந்தவை முதுமையில் நிலைத்து நின்றன.

குடில் வேலைக்கு வந்த ஆசாரி நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். தலைமுறை தலைமுறையாக உளி பிடித்த குடும்பத்தவர். குமரி நாட்டில் மர வேலையின் மேன்மைக்குப் பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டிலும் வேறு சான்று வேண்டியதில்லை. புனித தேவசகாயம் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த காலத்தில் அந்நாட்டின் தலைநகரம் பத்மநாபபுரமே. அவ்வரண்மனையின் முகப்பு மண்டபத்து மேற்கூரையில் ஒன்றைப்போல் ஒன்றில்லாத 90 மலர்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கவும், வெளியே இருப்பவர் உள்ளே காண முடியாதிருக்கவும் மரப்பட்டைகளைச் சாய்த்து அமைத்த சன்னல்களும் அங்கு உண்டு. நம் குடிலின் சுவர்களுக்கு ஆசாரி தேர்ந்துகொண்ட முறையும் இதுவே. காற்றும் வெளிச்சமும் உள்ளே வரும். அழுகின்ற முகம் வெளியே தெரியாது.

முதலில் நான்கு கருங்கல் பீடங்கள் நடப்பட்டன. மரம் மண்ணைத் தொட்டால் கறையான் ஏறும், ஈரமும் ஏறும். பீடத்தின்மேல் தூண், தூண்களின் தலைகளைச் சேர்த்து நான்கு உத்திரங்கள், அவற்றின்மேல் கூம்புக் கூரை. இணைப்புகளில் இரும்பாணி சேர்க்கப்படவில்லை. ஒரு மரத்தின் நாக்கு மற்றொன்றின் துளையில் நுழைய, குறுக்கே மர முளை அடித்து இறுக்கினார். இரும்பு துருப்பிடித்தால் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். மர முளையோ மழையில் ஊறி மரத்தோடு சேர்ந்தே பருக்கும், வெயிலில் சேர்ந்தே சுருங்கும் என்று அவர் விளக்கினார்.

கூரையின் அமைப்புதான் நம்மை நெடுநேரம் நிற்க வைத்தது. நடுவில் ஒரு தூணும் இல்லை. உச்சியில் ஒரு கட்டை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. ஆசாரிமார் அதனைக் 'கூடம்' என்பர். அதில் சுற்றிலும் 16 துளைகள். நான்கு மூலைகளிலிருந்து நான்கும், பக்கத்திற்கு மும்மூன்றாகப் பன்னிரண்டும், ஆக 16 கைமரங்கள் கீழிருந்து ஏறி அந்தத் துளைகளில் தலை நுழைக்கின்றன. ஒவ்வொன்றும் கூடத்தைத் தள்ளுகிறது. எதிர்ப்பக்கத்து மரம் அத்தள்ளலைத் தாங்குகிறது. கைமரங்களின் கால்கள் வெளியே சரியாதபடி உத்திரங்கள் பிடித்துக்கொள்கின்றன. இடையில் கைமரங்கள் அனைத்தையும் ஊடுருவிச் செல்லும் 'வளை' என்னும் சட்டம் எல்லாவற்றையும் ஒரே கட்டாக்குகிறது. தாங்குவது எது, தாங்கப்படுவது எது என்று பிரித்துச் சொல்ல இயலாது. பங்கு என்பது என்ன என்று இளைஞர்களுக்கு விளக்க வேண்டிய வேளைகளில், இப்போதெல்லாம் அவர்களை அங்கே அழைத்துச் சென்று அண்ணாந்து பார்க்கச் சொல்கிறோம்.

அக்கூரையை ஆசாரி முதலில் தரையிலேயே பூட்டிப் பார்த்தார். ஒவ்வொரு மரத்திலும் அடையாளம் இட்டு, மறுபடியும் கழற்றி, பின்பே மேலே ஏற்றினார். பழைய மரமாதலால் எங்கே வளைவு, எங்கே முடிச்சு என்பதைக் கைகளால் தடவியே அறிந்துகொண்டார். வேலை முடிந்தபின் மரம் முழுவதற்கும் முந்திரித் தோட்டு எண்ணெய் பூசப்பட்டது. கறையானைத் தடுக்க நம் ஊரில் காலங்காலமாகப் பூசிவரும் எண்ணெய் அது. முந்திரி ஆலையில் தோடு உடைக்கும் பெண்களின் விரல்களைக் கறுக்கச் செய்து, தோலைப் புண்ணாக்குவதும் அதே எண்ணெய்தான். அதனைப் பூசும்போது அந்த விரல்களை நினையாதிருக்க முடியவில்லை.

இறுதியாகக் கூரையின் உச்சிக்கு வந்தோம். நான்கு சரிவுகளும் கூடும் அவ்விடத்தில் ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அங்கே ஒரு மூடி இல்லையேல், மழைநீர் நேரே கூடத்தில் இறங்கும். கூடம் உளுத்தால் 16 கைமரங்களும் பிடி தளரும். ஆதலின் முடியில் வைக்கும் குடம் அலங்காரத்திற்கு மட்டுமானதன்று. கூரையின் உயிர்நிலையைக் காக்கும் கவசம். அழகும் தேவையும் ஒன்றாய்ப் பிறந்த இடம் அது. "முடியில் என்ன வைக்க வேண்டும், சாமி?" என்று ஆசாரி கேட்டார்.

இக்கேள்வி பேரவைக்குச் சென்றதும் கருத்துகள் பிரிந்தன. சிலுவையே வைக்க வேண்டும் என்றனர் இளைஞர். குடம் வைத்தால் கோயில் கலசம் போலாகும் என்று சிலர் அஞ்சினர். குடம் இல்லாத கூரையைத் தம் கையால் முடித்ததே இல்லை என்று ஆசாரி வருந்தினார். சேவல் வைக்கலாம் என்று நாம் சொன்னபோது எல்லாரும் வியப்புற்றனர். "சேவல் முருகனுடைய கொடி அல்லவா, சாமி?" என்று உபதேசியாரே கேட்டுவிட்டார்.

அவர் கேட்டது நியாயமே. தமிழ்நாட்டில் சேவற்கொடி என்றவுடன் முருகனே நினைவுக்கு வருவார். ஆனால் சேவல் நம் திருச்சபைக்கும் அயலானதன்று. புனித இராயப்பர் ஆண்டவரை மறுதலித்த இரவில் சேவல் கூவியதை நான்கு நற்செய்தியாளர்களும் தவறாது எழுதியுள்ளனர். பிறந்தநாள் நிகழ்ச்சிகளைக்கூட நால்வரும் எழுதவில்லை. சேவல் கூவியதை நால்வரும் எழுதினர். ஆண்டவர் திரும்பி இராயப்பரை நோக்கினார் என்பதைப் புனித லூக்காஸ் மட்டும் சேர்த்துச் சொல்கிறார். சேவல் கூவிற்று, ஆண்டவர் நோக்கினார், இராயப்பர் வெளியே சென்று மனங்கசந்து அழுதார். வெளியே சென்று அழுவதற்கு அவருக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. எருசலேமில் சீயோன் மலைச்சரிவில் இந்நிகழ்ச்சியின் நினைவாக 'சேவல் கூவிய புனித இராயப்பர்' என்னும் பெயரில் ஆலயம் ஒன்று நிற்கிறது. 1931-இல் அபிஷேகம் செய்யப்பட்ட அவ்வாலயத்தின் முடியில் பொன்னிறச் சேவல் ஒன்றுண்டு.

நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயராயிருந்த புனித அம்புரோசியார், சேவலை விடியலின் தூதனாகப் போற்றி ஒரு காலைப் பாடல் இயற்றினார். திருச்சபையின் திருப்புகழ்மாலையில் அது இன்றும் இடம்பெற்றுள்ளது. இத்தாலியில் பிரேசியா நகரின் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய உலோகச் சேவல் காக்கப்பட்டு வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் அந்நகர் ஆயர் ராம்பெர்த்து செய்வித்த அது, காற்றின் திசை காட்டும் சேவல்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழமையானது என்பர்.

நம் காலத்திலேயே நிகழ்ந்ததையும் எடுத்துச் சொன்னோம். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், புனித வாரத்துத் திங்களன்று, பாரிஸ் நகரின் தேவமாதா பேராலயம் தீப்பற்றியதைத் தொலைக்காட்சியில் கண்டவர் பலர். ஊசிக் கோபுரம் எரிந்து விழுந்தது. அதன் முடியில் நின்ற செம்புச் சேவல் அழிந்தது என்றே கருதினர். மறுநாள் இடிபாடுகளிடையே அது நசுங்கிய நிலையில் கிடைத்தது. தச்சர்கள் கருவாலி மரங்களைக் கோடரியால் செதுக்கி, பழைய முறையிலேயே கூரைச் சட்டங்களை மீண்டும் அமைத்தனர். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் புதிய சேவல் மந்திரிக்கப்பட்டுக் கோபுர முடியில் ஏற்றப்பட்டது. அதனுள் புனிதப் பண்டங்களோடு, திருப்பணியில் உழைத்த ஏறத்தாழ 2000 பேரின் பெயர்கள் எழுதிய சுருளும் வைக்கப்பட்டது. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

இதைக் கேட்ட பின்னர், நம் குடிலைப் பற்றிய இன்னொரு வழக்கும் தீர்ந்தது. நன்கொடை அளித்தோரின் பெயர்களைப் பளிங்குக் கல்லில் பொறித்து வாயிலில் பதிக்க வேண்டும் என்று சிலர் விரும்பியிருந்தனர். மறைவாகச் செபிக்கச் சொன்ன அதே அதிகாரத்தில், வலக்கை செய்வதை இடக்கை அறியாதபடி தருமம் செய்ய வேண்டும் என்றும் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். ஆகவே ஆசாரி, அவருடைய உதவியாளர்கள், ஓடு சுமந்த சிறுவர்கள், பணம் தந்தவர்கள், கூரை மாற்றப்பட்ட ஐந்து வீட்டார், எதிர்த்துப் பேசிய மூதாட்டி என எல்லாருடைய பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, செம்புக் குழலில் இட்டு அடைத்தோம். ஆசாரி பலாமரத்தில் அழகாகக் கடைந்த குடத்தினுள் அது இருக்கிறது. குடத்திற்குச் செம்புத் தகடு போர்த்தப்பட்டது. குடத்தின்மேல் சேவல் நிற்கிறது. சிலுவை உள்ளே, மண்டியிடுவோர் கண்ணெதிரே, கீழ்த்திசைச் சுவரில் இருக்கிறது. இளைஞர்களே அதனைப் பழைய கதவுப் பலகையில் செய்து தந்தனர்.

சேவல் சுழலும் விதம் சிறுவர்களுக்குப் பெருவிருந்தாயிற்று. நட்ட கம்பியின் இருபுறமும் எடை ஒத்திருக்க வேண்டும். பரப்பு மட்டும் ஒத்திருக்கக் கூடாது. வால்பக்கம் அகன்றிருப்பதால் காற்று அதனைத் தள்ள, தலை காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். முடியில் உலோகம் நிற்பதால், இடி மின்னலுக்கு அஞ்சி, அதிலிருந்து செம்புப் பட்டை ஒன்றும் தரைக்குள் இறக்கப்பட்டுள்ளது. குமரி மாவட்டம் இரு பருவமழைகளும் பெறும் நிலம். சூன் மாதத்தில் சேவல் தென்மேற்கே கடலை நோக்கி நிற்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கே மலையை நோக்கித் திரும்புகிறது. காற்றடிக்கும் பக்கமெல்லாம் திரும்புகிறவன் என்று நிலையற்ற மனிதனை இகழ்வது வழக்கம். ஆனால் இச்சேவலை ஊன்றிப் பார்த்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். காற்று எப்பக்கமிருந்து வந்தாலும் இது முதுகு காட்டுவதில்லை, எதிர்முகமாகவே நிற்கிறது. கணப்பொழுது முதுகு காட்டிய இராயப்பரும், அன்று அழுத அழுகைக்குப் பின், உரோமையில் உயிர் கொடுக்கும்வரை முதுகு காட்டவில்லை.

தனிமைக்கென அமைத்த குடிலின் முடியில் உறக்கத்தைக் கலைக்கும் பறவை ஏன் என்று கேட்கலாம். தனிமையில் ஓய்வும் உண்டு; ஆபத்தும் உண்டு. தனித்திருப்பவன் தன் துன்பத்தையே தடவிக்கொடுத்து, தன் கோபத்தையே வளர்த்துக்கொண்டு இருந்துவிடலாம். அயலானின் குற்றப் பட்டியலைத் தயாரிக்கவும் தனிமை வசதியான இடமே. செபத்தின் தனிமை அத்தகையதன்று. அது மனச்சான்றை எழுப்பிவிடும் தனிமை. ஆண்டவர் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார் என்று உணர்த்தும் தனிமை. உள்ளே நுழைகிறவர் அண்ணாந்து சேவலைப் பார்த்துவிட்டு நுழைந்தால், எதற்காக உள்ளே போகிறோம் என்பது அவருக்கு நினைவிருக்கும்.

குடிலுக்குப் பூட்டு இல்லை, மின்விளக்கு இல்லை. ஒரு நீண்ட பலகை, ஒரு முக்காலி, ஓர் அகல்விளக்கு. படியில் செருப்புக் கிடந்தால் உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று பொருள், மற்றவர் காத்திருப்பர். யார் வந்தார், எதற்காக வந்தார் என்று நாம் கேட்பதில்லை. ஆயினும் குருமனைத் தாழ்வாரத்திலிருந்து செருப்புகளைக் காண்கிறோம். விடியலுக்கு முன் ரப்பர்த் தோட்டத்திற்குச் செல்பவரின் தேய்ந்த செருப்பு சில நாள்களில் அங்கே கிடக்கிறது. மாலையில் முந்திரி ஆலையிலிருந்து திரும்பும் பெண்ணொருத்தி, வீட்டுக்குப் போகுமுன் பத்து நிமிடம் அமர்ந்துவிட்டுப் போகிறாள். அவள் விரல்களின் கறையும் அம்மரத்தின் கறையும் ஒரே நிறம். தேர்வுக் காலத்தில் பள்ளி மாணவியர் புத்தகத்தோடு வருகின்றனர். படிப்பதற்கென்று யாரும் தடுக்கவில்லை. அமைதியாய்ப் படிப்பதும் ஒருவகை மன்றாட்டே. ஒரு நாள் இரண்டு சோடிச் செருப்புகள் நெடுநேரம் கிடந்தன. பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியருடையவை அவை என்று பின்னர் அறிந்தோம். உள்ளே என்ன பேசினர் என்பது கூரைக்கும் சேவலுக்குமே தெரியும்.

அந்த மூதாட்டி என்ன சொல்கிறார் என்று வாசக அன்பர்கள் வினவலாம். குடிலை அவர் குறை கூறுவதில்லை, புகழ்வதும் இல்லை. ஆனால் பேரவை கூடும்போதெல்லாம், மற்ற அலுவல்கள் தொடங்குமுன், "ஒழுகும் வீடுகள் இன்னும் எத்தனை பாக்கி, சாமி?" என்று கேட்கிறார். எண்ணிக்கையைச் சொல்லாமல் கூட்டம் நடத்த முடிவதில்லை. ஐந்தில் தொடங்கிய கணக்கு இப்போது பதினொன்றில் நிற்கிறது. கொட்டகை காலியான பின்பும், பிற குடும்பங்கள் தங்கள் பழைய மரங்களை அனுப்பத் தொடங்கிவிட்டன. குடிலின் முடியில் நிற்பது செம்புச் சேவல். நம் பங்கின் உண்மையான சேவல் அவரே.

குடும்பத் தலைவர்களுக்கும் தலைவியருக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பங்கிலும் மரக்குடில் எழும்ப வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. உங்கள் வீட்டில் ஓர் அறையே இருக்கலாம். அந்த அறையிலும் ஒரு மூலையை ஒதுக்க முடியும். கொல்லையில் மா நிழலில் ஒரு கல்லைப் போட முடியும். இடம் தர இயலாவிட்டால் நேரமாவது தர முடியும். மனைவி கண்மூடி அமர்ந்திருக்கும் கால்மணி நேரம், கணவன் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லட்டும். கணவன் ஆலயத்தில் சற்றுத் தனித்து இருந்துவிட்டு வந்தால், ஏன் தாமதம் என்று மனைவி வினவாதிருக்கட்டும். வளர்ந்த மகன் பேசாமல் திண்ணையில் அமர்ந்திருந்தால், உடனே ஒரு வேலை ஏவாமல் சற்றுப் பொறுத்திருங்கள். செபமாலையை ஒன்றாகச் சொல்லும் குடும்பம், ஒருவரையொருவர் தனித்துச் செபிக்கவும் விடுமாயின், அந்தச் செபமாலையே இன்னும் ஆழம் பெறும்.

சூனேம் பெண்மணி வைத்த நான்கு பொருள்களை மறவாதீர்கள். பெரும்பொருள் ஏதும் அவற்றில் இல்லை. மற்றவர் இறைவனோடு பேசுவதற்கு இடம் விட்டவளின் வீட்டில், பிள்ளைப்பேறு இல்லாதிருந்த அவ்வீட்டில், அடுத்த ஆண்டு ஒரு குழந்தை பிறந்தது என்று அதே அதிகாரம் கூறுகிறது. பிறருக்கு இடம் விடும் இல்லங்களில் ஆண்டவரும் தமக்கு இடம் உண்டென்று நுழைகிறார். நம் இல்லங்கள் யாவற்றிலும் அவர் நுழைந்து தங்குவாராக.